மின்சார பிரஷ் வாங்கலாமா? முதலில் உங்கள் கையைக் கவனியுங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் 38 வயதுப் பெண். சில மாதங்களாகப் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. கணவருக்கு 45 வயது, சர்க்கரை உண்டு. மகனுக்கு 13, பல்லுக்குக் கம்பி போட்டு ஆறு மாதம் ஆகிறது. மாமியாருக்கு 71, வலது கையில் நடுக்கம். அமெரிக்காவிலிருந்து வந்த அக்கா ஒரு மின்சார பிரஷ்ஷைக் கொடுத்து, "இனி எல்லாரும் இதற்கே மாறிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கணவரோ, "நாற்பது ரூபாய் பிரஷ் செய்யாததை இது என்ன செய்துவிடப் போகிறது, எனாமல் தேய்வதுதான் மிச்சம்" என்கிறார். யார் சொல்வது சரி, நால்வருக்கும் வாங்கலாமா என்பது கேள்வி.

நால்வருக்கும் வேண்டாம். மாமியாருக்குக் கட்டாயம் வாங்குங்கள். மகனுக்கு வாங்கினால் நல்லது. நீங்களும் கணவரும் இரண்டு வாரம் பொறுங்கள், அந்த இரண்டு வாரத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன். இருபது வருடத்துக்கும் மேலாகப் பல் மருத்துவம் பார்க்கிறேன். மின்சார பிரஷ் யாருக்கு உதவுகிறது, யார் வீட்டில் ஆறு மாதத்தில் அலமாரிக்குள் போய்விடுகிறது என்பது ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

பிரஷ் செய்யும் வேலை என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன். பல்லில் ஒட்டியிருக்கும் உணவுத் துணுக்கை எடுப்பதுதான் அதன் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். துணுக்கை வாய் கொப்பளித்தாலே எடுத்துவிடலாம். பிரஷ் எடுக்க வேண்டியது வேறு. நாக்கால் தடவினால் பல் சற்றுச் சொரசொரப்பாகவோ வழவழவென்றோ இருக்கும் அல்லவா, அந்த மெல்லிய படலம். அது கிருமிகள் சேர்ந்து கட்டிக்கொண்ட வீடு. தண்ணீருக்குப் போகாது, மவுத்வாஷுக்கும் முழுதாகப் போகாது. எதையாவது கொண்டு உரசித்தான் கலைக்க வேண்டும். கலைத்த சில மணி நேரத்தில் மறுபடி கட்டத் தொடங்கிவிடும். அதனால்தான் தினமும் தேய்க்கிறோம்.

கலைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்தில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளர் தெளிவாகக் காட்டினார். ஈறு ஆரோக்கியமாக இருந்த 12 பேரைப் பல் தேய்ப்பதையே நிறுத்தச் சொன்னார். அவர்களில் பெரும்பாலோர் பல் மருத்துவம் படிக்கும் மாணவர்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி ஒழுங்காகத் தேய்க்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்கு வந்துவிட்டது. மருந்து எதுவும் தரவில்லை. ஈறில் ரத்தம் வருகிறது என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தச் சோதனைதான். ரத்தம் வரும் இடத்தைத் தொடப் பயந்து பலர் அங்கே தேய்ப்பதை விட்டுவிடுகிறார்கள். செய்ய வேண்டியது நேர் எதிர். படலம் அங்கே தங்கியிருப்பதால்தான் ரத்தம் வருகிறது. மென்மையாக, ஆனால் தவறாமல் அந்த இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும்.

சரி, இந்தப் படலத்தைக் கையால் இயக்கும் பிரஷ் எவ்வளவு எடுக்கிறது, மோட்டார் எவ்வளவு எடுக்கிறது? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த இரண்டு தொகுப்புகள் இருக்கின்றன. 2012இல் வந்த தொகுப்பின்படி, சாதாரண பிரஷ்ஷால் ஒரு முறை தேய்த்தால் சராசரியாக 42 சதவீதப் படலம் போகிறது. 2016இல் வந்த தொகுப்பின்படி, மின்சார பிரஷ்ஷால் ஒரு முறை தேய்த்தால் 46 சதவீதம். இந்த இரண்டு எண்ணையும் முதன்முதலில் சேர்த்துப் பார்த்தபோது நான் கவனித்தது அந்த நான்கு சதவீத வித்தியாசத்தை அல்ல. எதை எடுத்தாலும் பாதிக்கு மேல் படலம் பல்லிலேயே தங்கிவிடுகிறது என்பதைத்தான். அதாவது பிரஷ்ஷை மாற்றுவதால் கிடைப்பதைவிட, கையில் இருக்கும் பிரஷ்ஷைச் சரியாகப் பயன்படுத்துவதால் கிடைப்பது பல மடங்காக இருக்க முடியும்.

தினமும் மாதக்கணக்கில் பயன்படுத்தும்போது வித்தியாசம் கொஞ்சம் கூடுகிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காக்ரேன் என்ற அமைப்பு மருத்துவ ஆய்வுகளைச் சலித்துத் தொகுத்து வெளியிடுவதில் பெயர் பெற்றது. அதன் 2014 அறிக்கை 56 ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. மின்சார பிரஷ் பயன்படுத்தியவர்களிடம் முதல் மூன்று மாதத்துக்குள் படலம் 11 சதவீதமும், மூன்று மாதத்துக்கு மேல் 21 சதவீதமும் குறைவாக இருந்தது. ஈறு அழற்சி முறையே 6 சதவீதமும் 11 சதவீதமும் குறைவு. உண்மையான பலன்தான். ஆனால் இதில் இரண்டு விஷயம் பாருங்கள். 21 சதவீதம் குறைவு என்பது படலத்தின் அளவில்தான். சொத்தைப் பல் 21 சதவீதம் குறைந்தது என்று யாரும் காட்டவில்லை. கடைக்காரர் சொல்லும்போது இந்த இரண்டும் எளிதாக ஒன்றாகிவிடும். இன்னொன்று, இவை பெரும்பாலும் சில மாதங்கள் நடந்த ஆய்வுகள்.

நீண்ட காலம் பார்த்த ஆய்வும் உண்டு. ஜெர்மனியின் வடகிழக்கில் பொமரேனியா பகுதி மக்களை 11 வருடம் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிட்டார்கள். மின்சார பிரஷ் பயன்படுத்தியவர்களிடம் ஈறு நோய் வளர்ந்த வேகம் குறைவாக இருந்தது, பல் இழப்பும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கே யாருக்கும் ஆய்வாளர்கள் பிரஷ் கொடுக்கவில்லை, அவரவராக வாங்கியவர்கள்தான். தன் காசைப் போட்டு மின்சார பிரஷ் வாங்குகிறவர் பொதுவாகவே பல்லில் அக்கறை உள்ளவர், மருத்துவரிடம் ஒழுங்காகப் போகிறவர். ஆய்வில் கணக்குப் போட்டு அந்த வேறுபாடுகளைக் கழிக்க முயல்வார்கள் என்றாலும் முழுதாகக் கழித்துவிட முடியாது. அதனால் இதை ஒரு நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்கிறேன், தீர்ப்பாக அல்ல.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். மோட்டாருக்கு மந்திரம் எதுவும் இல்லை. மனிதக் கை வழக்கமாகச் செய்யும் மூன்று தவறுகளுக்கு அது மருந்து. நேரம் போதாமல் நிறுத்துவது, அளவுக்கு மீறி அழுத்துவது, தவறாக அசைப்பது. இந்த மூன்றும் உங்கள் கையில் இல்லையென்றால் மின்சார பிரஷ் உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. இருந்தால், எது இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம். அதைத்தான் இரண்டு வாரப் பரிசோதனை என்று சொன்னேன்.

முதலில் நேரம். நாளைக் காலையில் கணவருக்குத் தெரியாமல் கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டு நிமிடம் தேய்க்கிறேன் என்று உறுதியாகச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் ஒரு நிமிடத்தைத் தாண்டுவதில்லை. அதிலும் பாதி நேரம் கண்ணாடியில் தெரியும் முன்பற்களுக்கே போகும். மின்சார பிரஷ்ஷில் உள்ள டைமர் முப்பது வினாடிக்கு ஒரு முறை சிறிதாக விட்டு இயங்கி, அடுத்த பக்கத்துக்குப் போ என்று சொல்லும். இரண்டு நிமிடம் ஆனதும் தெரியப்படுத்தும். அதன் பலனில் பெரும் பங்கு இந்த டைமருக்கே சேரும் என்பது என் எண்ணம். செல்போனில் இரண்டு நிமிடம் வைத்துக்கொண்டாலும் இதே வேலை நடக்கும்.

அடுத்தது அழுத்தம். சமையலறையில் எடை பார்க்கும் டிஜிட்டல் தராசு இருந்தால் எடுங்கள். பிரஷ்ஷின் நாரைத் தராசின் மேல் வைத்து, பல் தேய்க்கும்போது எவ்வளவு அழுத்துவீர்களோ அவ்வளவு அழுத்துங்கள். 150 கிராமுக்குப் பக்கத்தில் நின்றால் சரி. என்னிடம் வந்து இதைச் செய்து பார்த்தவர்களில் 400, 500 காட்டியவர்கள் உண்டு. தராசு இல்லையென்றால் பழைய பிரஷ்ஷைப் பாருங்கள். ஒரே மாதத்தில் நார் இரண்டு பக்கமும் விரிந்து போயிருந்தால் நீங்கள் அழுத்துகிறீர்கள். பாத்திரம் விளக்கும் பழக்கம் கையில் அப்படியே இருக்கிறது. கறை போக வேண்டுமென்றால் அழுத்த வேண்டும் என்று கை நினைக்கிறது. ஆனால் நாரின் நுனிதான் படலத்தைக் கலைக்கும். அழுத்தினால் நுனி மடங்கி, நாரின் பக்கவாட்டுத்தான் பல்லில் படும். கூடுதல் பலத்துக்குக் குறைவான சுத்தம்தான் கிடைக்கும்.

அழுத்தித் தேய்ப்பவர்களின் வாயைப் பார்த்தால் எந்தக் கைப்பழக்கம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். வலது கைக்காரருக்கு இடது பக்கக் கோரைப் பல்லும் அதற்கு அடுத்த பற்களும் ஈறோரத்தில் கோடரி வைத்த மாதிரி தேய்ந்திருக்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் அங்கேதான் முதலில் கூசும். கணவர் எனாமல் தேய்வதைப் பற்றிச் சொன்னாரே, அந்தத் தேய்மானம் பெரும்பாலும் அவர் கையில் இருக்கும் அந்த நாற்பது ரூபாய் பிரஷ்ஷால்தான் வருகிறது. அதுவும் ஹார்ட் என்று அட்டையில் போட்டதை வாங்கினால் கேட்கவே வேண்டாம். எனாமல் உடலிலேயே மிகக் கடினமான பொருள், மென்மையான நார் மட்டும் அதை எளிதில் தேய்த்துவிடாது. ஈறு இறங்கியபின் வெளியே தெரியும் வேர்ப் பகுதிதான் மென்மையானது. அதைத் தேய்ப்பவை அழுத்தமும் பேஸ்ட்டில் இருக்கும் சொரசொரப்பான துகளும். நல்ல மின்சார பிரஷ்களில் அதிகம் அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், அல்லது வேகம் குறையும். அழுத்திப் பழகியவருக்கு அதுதான் வாங்கத் தகுந்த ஒரே காரணம் என்றுகூடச் சொல்வேன். ஒன்று மட்டும் கவனம். உமிக்கரி, உப்பு, பல்பொடி, கரிப் பேஸ்ட், பல்லை வெள்ளையாக்கும் சொரசொரப்பான பேஸ்ட் எதையும் மின்சார பிரஷ்ஷோடு சேர்க்காதீர்கள். அந்த வேகத்தில் அது மணல் தாளைப் போல வேலை செய்யும்.

மூன்றாவது, கை அசையும் விதம். நம்மில் பெரும்பாலோர் ரம்பம் போலக் குறுக்கே இழுக்கிறோம். பல்லின் வயிற்றுப் பகுதி பளபளக்கும், ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் படலம் அப்படியே இருக்கும். நோய் தொடங்குவது அந்த ஓரத்தில்தான். 1940களில் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பாஸ் சொல்லிக்கொடுத்த முறையைத்தான் இன்றும் நாங்கள் சொல்லித் தருகிறோம். நாரை ஈறோரத்தில் 45 டிகிரி சாய்த்து வையுங்கள், பாதி நார் ஈறிலும் பாதி பல்லிலும் படட்டும். அங்கேயே, இடத்தை விட்டு நகராமல், சின்னச் சின்னதாகப் பத்துப் பதினைந்து முறை அதிர்வது போல அசையுங்கள். அப்புறம் கடிக்கும் பக்கம் நோக்கி வழித்துவிடுங்கள். இரண்டு பல் முடிந்ததும் அடுத்த இரண்டு. பிரஷ்ஷை முஷ்டியில் பிடிக்காமல் பேனா பிடிப்பது போலப் பிடித்தால் அழுத்தமும் தானாகக் குறையும்.

எல்லாரும் விட்டுவிடும் சில இடங்கள் இருக்கின்றன. கீழ் முன்பற்களின் உட்புறம் ஒன்று. எச்சில் சுரக்கும் துளை நாக்குக்கு அடியில் அங்கேதான் இருப்பதால் காரை, அதாவது இறுகிக் கல்லான படலம், முதலில் சேரும் இடமும் அதுதான். பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடித்து நுனியால் தேய்க்க வேண்டும். மேல் கடைவாய்ப் பற்களின் வெளிப்புறம் இன்னொன்று. வாயை அகலத் திறந்தால் கன்னம் இறுகி பிரஷ் உள்ளே போகாது. வாயைப் பாதி மூடிப் பாருங்கள், கன்னம் தளர்ந்து பிரஷ் எளிதாகக் கடைசிப் பல் வரை போகும். கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்புறமும் அப்படித்தான். இந்த இடங்களில் மோட்டார் இருந்தும் பயனில்லை. பிரஷ்ஷை அங்கே கொண்டு போய் வைப்பது கைதான்.

பல்லுக்கும் பல்லுக்கும் இடையே எந்த பிரஷ்ஷும் போகாது. ஒரு பல்லுக்கு ஐந்து முகம் என்று வைத்துக்கொண்டால் பிரஷ் தொடுவது மூன்றை. மீதி இரண்டுக்கு நூலோ பல்லிடுக்கு பிரஷ்ஷோ வேண்டும். ஐயாயிரம் ரூபாய் மின்சார பிரஷ் வைத்துக்கொண்டு இடுக்கைத் தொடாதவரைவிட, ஐம்பது ரூபாய் பிரஷ்ஷோடு தினமும் இரவு இடுக்கைச் சுத்தம் செய்கிறவரின் ஈறு நன்றாக இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் ஈறில் ரத்தம் வருவது பெரும்பாலும் பல்லுக்கு இடையே இருக்கும் முக்கோண ஈறிலிருந்து என்றால், குறை பிரஷ்ஷில் இல்லை.

ஆகவே நீங்களும் கணவரும் இன்று மென்மையான நார் கொண்ட புது பிரஷ் ஒன்று வாங்குங்கள். காலையும் இரவும் இரண்டு நிமிடம் செல்போனில் வைத்து, மேலே சொன்ன முறையில் தேயுங்கள். இரவில் ஒரு முறை இடுக்கைச் சுத்தம் செய்யுங்கள். இரவுத் தேய்ப்பை விடவே கூடாது. தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்துவிடும், பல்லுக்கு இயல்பாக இருக்கும் காவல் அப்போது இருக்காது. தேய்த்தபின் நுரையைத் துப்பிவிட்டு அப்படியே விடுங்கள். நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பேஸ்ட்டில் இருக்கும் ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும். முதல் நான்கைந்து நாள் ரத்தம் வரத்தான் செய்யும், பயப்படாதீர்கள். இரண்டு வாரத்தில் நின்றுவிட்டால் உங்களுக்கு மின்சார பிரஷ் தேவையில்லை. ரத்தம் நின்றது, ஆனால் இரண்டு நிமிடம் நிற்கப் பொறுமை இல்லை, அழுத்தாமல் இருக்க முடியவில்லை என்று தோன்றினால் வாங்குங்கள், அது வீண் செலவு அல்ல. ரத்தம் நிற்கவே இல்லையென்றால் பெரும்பாலும் காரை படிந்திருக்கிறது என்று அர்த்தம்.  அதை எந்த மோட்டாரும் எடுக்காது, மருத்துவரிடம் போய்த்தான் எடுக்க வேண்டும். காரை எடுத்தால் பல் ஆடிவிடும் என்ற பயம் இன்னும் நிறையப் பேரிடம் இருக்கிறது. ஈறு நோயால் எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்லை அதுவரை காரைதான் கட்டிப் பிடித்திருக்கும். எடுத்தபின் ஆட்டம் தெரிய வருகிறது, அவ்வளவுதான்.

பிரஷ் வாங்கத்தான் பொறுக்கச் சொன்னேன். ஈறை மருத்துவரிடம் காட்ட, கணவர் விஷயத்தில் நான் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஈறு நோய் வேகமாக வளரும், ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுக்குள் வராமல் இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று தூண்டும். ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி சராசரியாக 0.4 அளவுக்குக் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு மாத்திரை கூடுதலாகச் சேர்ப்பதால் கிடைக்கும் பலனுக்கு அது அவ்வளவு தூரத்தில் இல்லை. எனவே அவருக்கு ரத்தம் வந்தாலும் வராவிட்டாலும் ஒரு முறை ஈறைப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

மாமியாரிடம் வருகிறேன். மின்சார பிரஷ் உண்மையில் யாருக்காகப் பிறந்ததோ அவர்களில் அவரும் ஒருவர். முதலில் பரவலாக விற்ற மின்சார பிரஷ் பிராக்ஸோடென்ட். சுவிட்சர்லாந்தில் பிலிப் கீ வூக் என்பவர் 1954இல் உருவாக்கியது. அப்போது அதன் நோக்கமே கையை நன்றாக அசைக்க முடியாதவர்களும் பல்லுக்குக் கம்பி போட்டவர்களும் பயன்படுத்தட்டும் என்பதுதான். சுவரில் நேரடியாகச் செருகும் கம்பியோடு வந்தது. பேட்டரியில் ஓடும் கம்பியில்லா பிரஷ்ஷை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1961இல் கொண்டுவந்தது. வசதிக்கான பொருளாக அது எல்லாருக்கும் விற்கப்பட்டது அதற்கப்புறம்தான்.

கை நடுங்குகிறவருக்கு, மூட்டு வலியால் விரல் மடங்காதவருக்கு, பக்கவாதம் வந்து ஒரு கை தளர்ந்தவருக்கு அந்தச் சின்னச் சின்ன அசைவைச் செய்யச் சொல்வது இயலாத காரியம். மின்சார பிரஷ்ஷில் அந்த அசைவை மோட்டார் பார்த்துக்கொள்ளும், அவர் செய்ய வேண்டியது பல்லின் மேல் வைத்து மெதுவாக நகர்த்துவது மட்டும். தடித்த கைப்பிடியும் பிடிக்க எளிது. பல வருடம் முன்பு ஒரு பாட்டியை அவர் மகள் அழைத்து வந்தார். வாயில் துர்நாற்றம், யாரோடும் உட்கார்ந்து பேச மறுக்கிறார் என்று. பாட்டி தினமும் இரண்டு வேளை தேய்த்துக்கொண்டுதான் இருந்தார், கை ஒத்துழைக்கவில்லை என்பதைச் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார். காரை எடுத்துவிட்டு மின்சார பிரஷ் ஒன்றைப் பழக்கிக் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்து வந்தபோது அவரே முதலில் பேச ஆரம்பித்தார். வயதானவர்களிடம் "ஒழுங்காகத் தேயுங்கள்" என்று சொல்வதற்கு முன்னால் அவர்களுடைய கையைப் பிடித்துப் பாருங்கள் என்று அதற்கப்புறம் எல்லா வீட்டிலும் சொல்கிறேன்.

மாமியாருக்கு வாங்கும்போது ஒரே பொத்தான் உள்ளதாகப் பாருங்கள். ஐந்து விதமான இயக்கம், செல்போனோடு இணைப்பு எல்லாம் அவரைக் குழப்பும், விலையும் கூடும். எடை அதிகமில்லாததாக, முடிந்தால் கடையில் கையில் கொடுத்துப் பார்த்து வாங்குங்கள். முதல் வாரம் வாய் கூசுவது போல இருக்கும், நீங்கள் பக்கத்தில் நின்று கையோடு கை வைத்து நகர்த்திக் காட்டுங்கள். பேஸ்ட் வைத்து, பிரஷ்ஷை வாய்க்குள் வைத்தபின்தான் பொத்தானை அழுத்தச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சட்டையெல்லாம் தெறிக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருந்தால் முன்கூட்டியே இதய மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், சார்ஜர் அடித்தட்டை மார்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. செட் பல் இருந்தால் அதைக் கழற்றித் தனியாகக் கழுவ வேண்டும். மின்சார பிரஷ் அவருக்கு ஒத்துவரவே இல்லையென்றால், சாதாரண பிரஷ்ஷின் கைப்பிடிக்கு சைக்கிள் கைப்பிடி உறையை மாட்டிக் கொடுங்கள். அதுவே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

மகனுக்குக் கம்பி இருப்பதால் ஒவ்வொரு பல்லிலும் ஒட்டியிருக்கும் சதுரத்தைச் சுற்றிப் படலம் சேரும். அங்கே தேய்க்காமல் விட்டால் கம்பியைக் கழற்றும் அன்று பல் வரிசை அழகாக இருக்கும், பல்லின் மேல் சதுரத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு நிறத்தில் வெள்ளை வட்டம் இருக்கும். அது சொத்தையின் தொடக்கம், முழுதாக மறையாது. சிறிய வட்டத் தலை கொண்ட மின்சார பிரஷ் அந்த மூலைகளில் நுழைய உதவும். அதைவிட முக்கியம், பதிமூன்று வயதில் அம்மா சொல்வதைவிட டைமர் சொல்வதைப் பையன்கள் கேட்கிறார்கள். கம்பிக்கு அடியில் நுழைக்க பல்லிடுக்கு பிரஷ் கட்டாயம் வேண்டும், அதை மோட்டார் ஈடு செய்யாது.

எந்த வகை? தலை வட்டமாக இருந்து மாறி மாறிச் சுழல்வது ஒன்று, வழக்கமான நீள்தலை மிக வேகமாக அதிர்வது இன்னொன்று. இரண்டாவதை 'சோனிக்' என்பார்கள், நிமிடத்துக்கு முப்பதாயிரத்துக்கு மேல் அசைவு. ஆய்வுகள் சுழலும் வகைக்குச் சற்றே சாதகமாக இருக்கின்றன, வித்தியாசம் சிறிது. வாய்க்கு எது இதமோ அதை எடுங்கள். டைமரும் அழுத்தம் காட்டும் விளக்கும் இருந்தால் போதும், அதற்கு மேல் கொடுக்கும் காசு பல்லுக்குப் போவதில்லை. சாதாரண பென்சில் செல் போட்டு ஓடும் மலிவான வகையில் இவை இரண்டும் பெரும்பாலும் இருக்காது, செல் தீரத் தீர வேகமும் குறையும். அதற்கு நல்ல சாதாரண பிரஷ்ஷே மேல்.

செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அறுபது ரூபாய் பிரஷ், மூன்று மாதத்துக்கு ஒன்று, ஐந்து வருடத்தில் 1200 ரூபாய். மின்சார பிரஷ் 2500 ரூபாய், தலை ஒன்று 300 ரூபாய் என்று வைத்தால், அதே ஐந்து வருடத்தில் தலைகளுக்கே 6000, மொத்தம் 8500. தலையையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும். விலைக்குப் பயந்து ஒரு வருடம் அதே தலையை ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன், அப்போது மின்சார பிரஷ்ஷின் பலன் எதுவும் மிஞ்சாது. உங்கள் ஊரில் அல்லது வழக்கமாக நீங்கள் வாங்கும் தளத்தில் அந்த மாடலின் தலை தொடர்ந்து கிடைக்கிறதா என்று பிரஷ் வாங்கும் முன் பாருங்கள். மாமியாருக்கும் மகனுக்கும் தனித்தனிக் கைப்பிடி தேவையில்லை. தலையைத் தனித்தனியாக வைத்துக்கொண்டு ஒரே கைப்பிடியைப் பகிரலாம், தலையின் அடியில் வண்ண வளையம் வருவது அதற்காகத்தான். வாரம் ஒரு முறை தலையைக் கழற்றிப் பாருங்கள். கைப்பிடி சேரும் இடத்தில் கறுப்பாகப் பசை சேர்ந்திருக்கும். கடலோர ஊர்களில், மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம் சேரும். கழுவித் துடைத்து, மூடி போடாமல் காற்றில் உலர விடுங்கள்.

கடைசியாக, அக்கா கொடுத்த அந்த பிரஷ். அதை இன்னும் சார்ஜில் போடவில்லையென்றால் நல்லது. சார்ஜர் அடித்தட்டைத் திருப்பி, பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருந்தால் பின் மாற்றும் அடாப்டர் போட்டு நம் வீட்டில் செருகலாம். 110 அல்லது 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் செருகாதீர்கள். அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், நம் 230 வோல்ட்டைக் குறைக்காது, அடித்தட்டு கருகிவிடும். அப்படி இருந்தால் அதே மாடலுக்கு இந்தியாவில் விற்கும் சார்ஜர் கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் அந்தக் கைப்பிடியையே மாமியாருக்கும் மகனுக்கும் வைத்துக்கொண்டு, தலைகள் மட்டும் வாங்கினால் போதும்.